மாதிரி வீட்டுக்காரி

அவளை எல்லோரும் சுத்தக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுவசதித் துறையின் கிளை அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. ஆனால் பட்டப்பெயர் வேலையால் வந்ததல்ல. பேருந்தில் ஏறினால் உட்காருவதற்கு முன் இருக்கையைத் துடைப்பாள்; முன்னால் இருப்பவர் தோளில் தூசி தெரிந்தால் அதையும் தட்டிவிட்டுத்தான் உட்காருவாள். திரும்பிப் பார்க்கிறவர்களிடம் "ஒண்ணுமில்ல, தூசி" என்பாள்.

புருஷன் திரைச்சீலைக் கடையில் தையல்காரர். ஊரார் ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்த அந்த மனிதர் குடியிருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒற்றை அறை அது. அடுப்புப் பக்கத்துச் சுவர் எந்நேரமும் சுடும்; குளிர்காலத்தில் எல்லோரும் அந்தச் சுவருக்காகச் சண்டை போடுவார்கள், வெயில் காலத்தில் எதிர்ச் சுவருக்காக. மாமனார் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். எல்லாப் படத்துக்கும் ஆரம்பம் மட்டும் அவருக்குத் தெரியும், முடிவு தெரியாது. அதனால் முடிவை அவராகவே கட்டிச் சொல்வார், அதுவும் நடித்துக் காட்டி. இவர்களோடு பள்ளிக்கூடப் படிப்பில் ஒரு மகள்.

இப்படி இடித்துப் பிடித்துக்கொண்டு காலம் போய்க்கொண்டிருக்கையில், அந்த வட்டாரத்தில் சும்மா கிடந்த பெரிய திடலில் அரசாங்கம் ஒரு பலகை நட்டது. 'எளியோருக்கு இங்கே அடுக்குமாடி வீடுகள் வருகின்றன' என்று அதில் எழுதியிருந்தது. சுத்தக்காரி அன்றைக்கே மனுப் போட்டுவிட்டாள். பலகையைக்கூட ஒரு தடவை துடைத்துவிட்டு வந்தாள்.

வீடு வரவில்லை. வீடு வரும் என்கிற சேதி வந்ததே, அது போதுமாக இருந்தது. வட்டாரம் எழும்பப் போகிறது என்று நில விலை குதித்தது. செருப்புத் தைக்கும் கடை தரகர் அலுவலகமாயிற்று; முடி வெட்டுகிறவர் ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் மனை பேசினார். ரொட்டிக் கடைக்காரர், அவர்தான் அறைக்குச் சொந்தக்காரர், பரம சாது. வாடகையை ஏற்ற வரும்போதெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர்போல வாசலிலேயே நிற்பார்.

"நான் ஏத்தலம்மா. ஏரியா ஏறிடுச்சு" என்றார்.

"ஏரியா ஏறினா ரூம் பெருசாகுமா?" என்று கேட்டாள் சுத்தக்காரி.

அவர் அதை நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, ஆகாது என்று ஒப்புக்கொண்டு, வாடகையை ஏற்றிவிட்டுப் போனார்.

திடலில் செங்கல் ஒன்றும் இறங்காத நிலையில், சனங்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் மாதிரி வீடு ஒன்று முளைத்தது. வரப்போகிற வீடுகள் எப்படி இருக்கும் என்று மக்கள் வந்து பார்க்க வேண்டுமாம். கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை, நாலு ஜன்னல். அதைத் துடைத்து வைக்கிற பொறுப்பும் சாவியும் சுத்தக்காரியிடம் வந்தன. உள்ளே மேஜை மேல் பிளாஸ்டிக் ஆப்பிள், சுவரில் அட்டைத் தொலைக்காட்சி, அலமாரியில் முதுகு மட்டுமே உள்ள புத்தகங்கள். கட்டில் வழக்கத்தைவிடக் குட்டை. அறை பெரிதாகத் தெரிய அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள். தண்ணீரும் மின்சாரமும் மட்டும் அசல், ஏனென்றால் வருகிறவர்கள் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள்.

திடலுக்குப் பொறுப்பான பொறியாளர் சின்ன வயசுக்காரர். எதைக் கேட்டாலும் "மேலிடத்துல இருக்கு" என்பார். செங்கல், சிமெண்ட், ஆட்கள் எல்லாமே மேலிடத்தில் இருந்தன. கீழிடத்தில் அவரும் சுத்தக்காரியும் மட்டும் இருந்தார்கள்.

முதலில் மகள்தான் வந்தாள். பரீட்சைக்குப் படிக்க வெளிச்சம் வேண்டும் என்று வந்தவள், மாதிரி மேஜையில் உட்கார்ந்து ஜன்னல் காற்றில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். பிறகு புருஷன் மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் வந்து, குட்டைக் கட்டிலில் கால் வெளியே நீட்டிக்கொண்டு கண்ணயர்ந்தார். அந்தச் சமயம் பார்த்து ரொட்டிக் கடைக்காரர் இடத்தையே ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். விற்றுவிட்டு அழுதார். அவர் அழுததை ஆற்றிவிட்டுத்தான் இவர்கள் சாமான் கட்ட வேண்டியிருந்தது.

வேறு வீடு தேடாத இடமில்லை. ஒரு வீட்டுச் சொந்தக்காரர், மாமனார் இருமுவதைக் கேட்டதும் வேண்டாம் என்றார். இன்னொருவர் காட்டிய அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது, அதற்குள் நிமிர்ந்து நிற்கக்கூடியவள் மகள் ஒருத்திதான். கடைசியில், வேறு இடம் கிடைக்கிறவரை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சுத்தக்காரி பாயையும் பாத்திரத்தையும் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். செய்வது தப்பு என்று அவளுக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தும்போதெல்லாம் தரையை இன்னொரு தடவை துடைத்தாள். அந்தத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று ஆயிற்று.

பார்வையாளர்கள் வருகிற நாளில் வீடு சட்டென்று மாதிரியாக மாறியாக வேண்டும். பாய் கட்டிலுக்கடியில் போகும், பாத்திரம் அடுக்குக்குள் போகும், தின்னக்கூடிய பழம் போய்ப் பிளாஸ்டிக் ஆப்பிள் வரும். குடும்பம் பின்வாசல் வழியாக நழுவி, திடலைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாகப் பார்வையாளராக உள்ளே வரும். புருஷனுக்கு அப்போதெல்லாம் வியர்த்துக் கொட்டும். மாமனாருக்கோ இது பெரிய கொண்டாட்டம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்ப்பார், "காத்தோட்டம் பரவாயில்ல" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வார், சமையலறை சின்னதாக இருக்கிறதே என்று பொறியாளரை மடக்குவார்.

ஒருநாள் பொறியாளர் அவரை உற்றுப் பார்த்து, "ஐயா, நீங்க போன தடவையும் வந்திருந்தீங்கல்ல?" என்றார்.

"வாழ்நாள்ல ஒரு தடவை எடுக்கிற முடிவு தம்பி. நாலு தடவை பாக்க வேணாமா?" என்றார் மாமனார்.

பொறியாளர் அடுத்த பார்வையாளரிடம் போய்விட்டார். அவருக்குத் தெரியும் என்று சுத்தக்காரிக்குத் தோன்றியது. குளியலறையில் ஈரத்துண்டு தொங்கியதை அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவள் கவனித்திருந்தாள். பிற்பாடுதான் தெரிந்தது, அவரே உறவினர் ஒருவர் வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் குடியிருந்தார்.

தேர்தல் நெருங்கியது. அமைச்சர் மாதிரி வீட்டைப் பார்வையிட வருகிறார், சாயங்காலம், என்று தகவல் வந்தது. அமைச்சர்கள் தாமதமாக வருவதுதான் உலக வழக்கம் என்பதால் யாரும் அவசரப்படவில்லை. ஆனால் இவர் போகவேண்டிய வேறொரு விழாப் பந்தல் காற்றில் சரிந்துவிட, நேரே இங்கே வந்து இறங்கிவிட்டார். பின்னால் கேமராக்காரர்கள், அதிகாரிகள், பொறியாளர். சமையலறையில் சுத்தக்காரி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாமனார் மட்டும் பழக்கதோஷத்தில் ஓடிப்போய்ச் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றார்.

அமைச்சர் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு பாதங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"இவரு யாரு?"

சுத்தக்காரி கரண்டியோடு ஓடிவந்தாள். அன்றுவரை எதையும் மேலிடத்துக்குத் தள்ளியே பழகிய பொறியாளர், முதல் தடவையாகத் தானாக ஒன்று சொன்னார்.

"பயனாளி சார். நம்ம திட்டத்தோட முதல் பயனாளி."

அமைச்சர் முகம் மலர்ந்தது. "நல்லாத் தூங்குறாரு" என்றார். "நிம்மதி இருந்தாத்தான் இப்படித் தூக்கம் வரும். படம் எடுத்துக்குங்கய்யா."

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் பாதங்கள் வந்தன. அடுத்த வாரம் மேடை போட்டு, முதல் பயனாளிக்குச் சாவி வழங்கும் விழா. மேடை ஏறுமுன் பொறியாளர் சுத்தக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, உங்க சாவிய கொஞ்சம் குடுங்க. அமைச்சர் உங்களுக்குக் குடுக்கணும், எங்கிட்ட வேற சாவி இல்ல" என்றார். அவள் அதைத் துடைத்துக் கொடுத்தாள். கைதட்டலுக்கு நடுவே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஆளுங்கட்சி அதோடு விட்டது, எதிர்க்கட்சி விடவில்லை. இத்தனை வருஷத்தில் கட்டியது ஒரே ஒரு வீடா என்று கேட்டுத் திடலில் மறியல் செய்தார்கள். வீட்டு வாசலிலேயே கொடி நட்டார்கள். கோஷம் போட்டுத் தொண்டை வறண்டவர்களுக்குச் சுத்தக்காரிதான் தண்ணீர் கொடுத்தாள். குளியலறைக்கு வரிசை நின்றதையும் பொறுத்துக்கொண்டாள். சேற்றுக் காலோடு உள்ளே வந்தவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. மாவட்டத் தலைவரையே வாசலில் நிறுத்திக் கால் கழுவ வைத்தாள். அந்த மனிதர் கழுவிக்கொண்டே, "நாங்க வந்ததும் எல்லாருக்கும் வீடு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

அவர்கள் வந்தார்கள். வந்து கொஞ்ச நாளில், திடலை ஒரு கட்டுமானக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று பேச்சு அடிபட்டது. வட்டாரத்தின் விலை அப்போது அவ்வளவு உச்சத்தில் இருந்தது. அந்த விலைக்கு எளியோரைக் குடிவைப்பது வீண் என்று படித்தவர்கள் சிலர் கணக்குச் சொன்னார்கள். ஒரே சங்கடம் மாதிரி வீடு. பழைய ஆட்சியின் சாதனைக்கும் அதே வீடுதான் சாட்சி, வேதனைக்கும் அதே வீடுதான் சாட்சி. இவர்களே கொடி நட்ட வாசல். அதைத் தொட்டால் இரண்டு பக்கத்துப் பத்திரிகையும் கிழிக்கும்.

ஒரு அதிகாரி பழக்கூடையோடு வந்தார். ஊருக்கு வெளியே, பேருந்து நின்று போகிற இடத்துக்கும் அப்பால், தனி வீடு தருவதாக இனிக்க இனிக்கப் பேசினார். புருஷன் தலையை ஆட்டிவிட்டார். எதிரே உட்கார்ந்து இனிமையாகப் பேசினால் எதற்கும் தலையாட்டுவது அவர் சுபாவம். சுத்தக்காரி மட்டும் கேட்டாள்:

"மனுப் போட்ட மத்தவங்க?"

"அவங்கள விடுங்கம்மா. உங்க பிரச்சினை தீருதுல்ல?"

"சார், நான் இந்த வீட்டுல திருட்டுத்தனமா நுழைஞ்சவ. பின்வாசல்ல போயி முன்வாசல்ல வந்து வந்து என் கால் தேஞ்சுபோச்சு. மறுபடியும் ஒரு தடவை பின்வாசல் வழியா என்னால முடியாது. எல்லாருக்கும் கதவைத் தெறங்க, நானும் வரிசையில நிக்கறேன்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். அதிகாரி போன பிறகு வெகுநேரம் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். மாமனார் மட்டும், எத்தனையோ படம் பார்த்தும் இப்படி ஒரு வசனம் கேட்டதில்லை என்றார்.

சேதி பரவியது. மனுப் போட்டுவிட்டு எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு, திட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே விலாசம் அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள். பேருந்து ஓட்டுகிறவர், செவிலி, வாத்தியார், கைக்குழந்தையோடு தம்பதிகள். ஆளாளுக்குத் தங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் கதையைச் சொன்னார்கள். யாருடைய சொந்தக்காரர் வாடகை ஏற்றும்போது அதிகம் அழுதவர் என்பதில் போட்டியே நடந்தது. சங்கம் என்று ஒன்று வைத்து, அவளைத் தலைவியாக்கினார்கள். அவள் போட்ட ஒரே சட்டம், செருப்பை வெளியே விடவேண்டும் என்பது. கூட்டம் பெருகப் பெருகச் செருப்பு வரிசை வாசலிலிருந்து திடலைத் தாண்டிச் சாலைவரை போயிற்று. ஒரு பத்திரிகைக்காரர் அதைப் படம் எடுத்துப் போட்டார். உள்ளே இருந்த முகங்களுக்கு அஞ்சாத அரசாங்கம் வெளியே கிடந்த செருப்புகளைப் பார்த்து யோசித்தது. கடைசியில் பாதித் திடலில் கம்பெனிக் கோபுரம், மறு பாதியில் எளியோர் வீடு என்று முடிவாயிற்று.

கட்டடம் எழும்பி, வீடு ஒதுக்குகிற நாளும் வந்தபோது ஒரு வேடிக்கை. சுத்தக்காரிக்கு வீடு இல்லையாம். அவள்தான் ஏற்கெனவே மேடையில் சாவி வாங்கிவிட்டாளே, ஒருவருக்கு இரண்டு வீடு தர விதியில்லை என்றார் பட்டியல் வைத்திருந்த மேஜைக்காரர். மாதிரி வீட்டையோ வண்டி நிறுத்துமிடத்துக்காக இடிக்கப் போகிறார்கள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற பேருந்து ஓட்டுநர், "அப்ப எனக்கும் வேணாம்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். செவிலி உட்கார்ந்தாள். வாத்தியார் முட்டி வலியோடு உட்கார்ந்தார். கூடம் முழுக்க உட்கார்ந்தது. பொறியாளர் முன்னால் வந்து, மாதிரி வீடு சட்டப்படி வீடே அல்ல, கண்காட்சிப் பொருள் என்று விளக்கினார். கண்காட்சிப் பொருளுக்குள் குடியிருந்தவருக்கு வீடு கிடைத்ததாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். மேஜைக்காரர் மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் சரி என்றது.

அவளுக்கு மேல்தளத்தில் வீடு கிடைத்தது. குடிவந்த முதல் வாரத்தில் புருஷன் ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்து மாட்டினார். சுத்தக்காரி கழற்றி மடித்து வைத்துவிட்டாள், வெளிச்சம் வரட்டும் என்று.

போன மாதம் ஒரு தரகர் கதவைத் தட்டினார். கோட்டும் டையும் போட்டிருந்தார். பக்கத்துக் கோபுரத்தால் இந்தக் கட்டடத்துக்கும் விலை எகிறிவிட்டது, ஒதுக்கிய வீட்டை விற்கக் கூடாது என்கிற தடைக்காலம் முடிந்த கையோடு விற்றுவிட்டால் யோகம்தான் என்றார்.

"வித்துட்டு எங்க போறது?" என்று கேட்டாள்.

தரகர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, தான் குடியிருப்பது நகரத்துக்கு வெகு தூரத்தில், மச்சானோடு ஒரே அறையில் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு படிக்கட்டுப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, எளியோர் வீட்டுத் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு இன்னும் மனு வாங்குகிறார்களா அக்கா என்று கேட்டார்.

வாங்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் உங்கள் மச்சானையும், என்றாள் சுத்தக்காரி. அவர் கோட்டின் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.