பின்பக்கமும் ஏறட்டும்

பதிவறை அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பாள், அவ்வளவுதான். அடுத்த மேசையில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அது தெரியும். புது அதிகாரிக்குத் தெரியவில்லை, பாவம்.

எங்கள் துறை ஊழியர்கள் அத்தனை பேரின் கோப்புகளையும் கணினியே வகைபிரித்து, கேட்டதும் எடுத்துத் தரும் ஏற்பாடு ஒன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதற்கு அறிவு எங்கிருந்து வரும்? அக்காவின் தலையிலிருந்துதான். எந்தக் கடிதம் எந்தக் கட்டுக்குப் போகும், ஏன் போகும் என்று நான்கு மாதம் அவளைத் துருவித் துருவிக் கேட்டு அறுநூறு விதிகள் எழுதிக்கொண்டார்கள். அவளும் எதையும் ஒளிக்காமல் சொன்னாள். புகார் என்றால், முடிவு வரும்வரை ஒழுங்கு நடவடிக்கைக் கட்டில் இருக்க வேண்டும் என்பதும் அவள் சொன்ன விதிதான்.

சோதித்துப் பார்த்த அன்றுதான் வந்தது வினை. காகிதத்தை மிச்சம் பிடிப்பதில் எங்கள் அலுவலகம் படு கெட்டி. புகார் முன்பக்கம் இருந்தால், அதன்மேல் எடுத்த முடிவை அதே தாளின் பின்பக்கம் எழுதிவிடுவோம். ஸ்கேன் செய்தவர்கள் முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். நாலாயிரம் பேர் மேல் பழி இருக்கிறது, முடிவு இல்லை. கண்டுபிடித்தவள் அக்கா.

அதிகாரி அசரவில்லை. "வெள்ளிக்கிழமை பழைய தாளையெல்லாம் அரைக்க வண்டி வருது. எல்லாம் சரியா ஏறிடுச்சுன்னு கையெழுத்து போடுங்கம்மா. இல்லன்னா உங்கள வாசல் மேசைக்கு மாத்த வேண்டியிருக்கும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "பின்பக்கமும் ஏறட்டும், போடறேன்."

"அதுக்கு இன்னும் ஆறு மாசம் ஆகும்."

"ஆகட்டும். தப்பு பண்ணாதவங்க தலையில பழியைக் கட்டிட்டு, அதுக்கு நான் கையெழுத்து வேற போடணுமா?"

நான் என் மேசைக் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை அதிகாரி மாற்றல் உத்தரவைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். வாங்கிப் படித்துவிட்டு, "உங்க பேரைத் தட்டிப் பாருங்க சார்" என்றாள். தட்டினார். லஞ்சம் வாங்கியதாகப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வந்த மொட்டைக் கடிதம் ஒன்று திரையில் வந்து நின்றது. முடிவு என்ற இடம் காலி.

"இது பொய்ப் புகார்னு அப்பவே தள்ளுபடி ஆச்சே!"

"ஆச்சு. பின்பக்கத்துல எழுதியிருக்கு."

மனுஷனுக்கு முகம் செத்துப்போயிற்று. நான் இருப்பதையே மறந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்னோடத மட்டும் இன்னிக்கே ஏத்திடலாமா?"

"ஏத்தலாம் சார். உங்களுக்கு முன்னால நாலாயிரம் பேர் நிக்கிறாங்க. வரிசையில வாங்க."

மாற்றல் ரத்தாகவில்லை, அதற்கு அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வண்டி காலியாகத் திரும்பியது. திங்கட்கிழமை அக்கா வாசல் மேசைக்குப் போனாள். பதிவறைச் சாவியை அவள் கொடுக்கவில்லை. கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.