ஊக்கு மிக்கேல் பாட்டுக்காகக் கடலுக்குள் போன ஞாயிற்றுக்கிழமை

ஊக்கு மிக்கேல் அண்ணன் இறந்துவிட்டார் என்று போன மாதம் தகவல் வந்தது. அவர் பாட்டைக் கேட்க நானும் கூட்டாளி தொம்மையும் எழுபத்தெட்டில் தூத்துக்குடியிலிருந்து போன கதையை எழுதி வைக்கச் சொன்னாள் மகள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்கிறேன், அவள் தட்டுகிறாள்.

மிக்கேல் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். லண்டன் துறைமுகத்தில் இறங்கியபோது பங்க் என்ற பாட்டுக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போது ஒரு கரண்டு கிடாரும், வேண்டுமென்றே கிழித்து ஊக்குகளால் சேர்த்த சட்டையும் கொண்டுவந்தார். தூத்துக்குடியில் அவர் தங்கியிருந்த எங்கள் திரேஸ்புரத்துப் பெண்கள் விடுவார்களா? "ஏளா, அம்புட்டுத் தூரம் போயி கிழிஞ்ச சட்டையா வாங்கியாந்திருக்கான்? அந்த ஊருல நூலு கிடைக்கலையாமா?" பெயர் அன்றே நிலைத்துவிட்டது.

அவர் கொண்டுவந்த ஒரு புத்தகத்தில், சக்கரம் வைத்த பலகைமேல் ஒருவன் நின்றுகொண்டே போகும் படம் இருந்தது. எனக்கும் தொம்மைக்கும் அப்போது பதினெட்டு வயது, உப்பு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தோம். உடைந்த வள்ளத்துப் பலகையில் பழைய பேரிங் நாலை மாட்டி ஆளுக்கொன்று செய்தோம். பழைய துறைமுகச் சாலையில் ஒரு சின்னச் சரிவு உண்டு. அதில் நாங்கள் கடகடவென்று இறங்குவோம், அவர் சுவரில் உட்கார்ந்து வாசிப்பார். எது பேரிங் சத்தம், எது கிடார் என்று பிரிக்க முடியாது. "மூணு விரலு அசைஞ்சாப் போதும்லே, மிச்சத்தக் கோவம் பாத்துக்கிடும்" என்பார்.

ஒரு நாள், "ஒங்களப் பத்தி ஒரு பாட்டுக் கட்டியிருக்கேன். ஞாயித்துக்கிழமை எங்க ஊருத் திருவிழாவுல பாடுதேன். திங்கக்கிழமை கப்பலேறுதேன்" என்றார். அந்த ஒரு நாளை விட்டால் எங்கள் பாட்டை நாங்கள் கேட்கவே முடியாது.

காலை ஏழரைக்குப் பேருந்து. ஆத்தூருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு ஒரு ரூபாய் ஐந்து பைசா. நடத்துநர் பலகையைப் பார்த்துவிட்டு, "சக்கரம் இருந்தா அது வண்டி. வண்டிய வண்டியில ஏத்தப்படாது" என்றார். மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சினோம். ஆத்தூரில் இறங்கினால் வெற்றிலை வாங்காமல் நகராதீர்கள். வாயில் போட்டதும் கரையும் அந்த இளங்கொழுந்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை சொல்லலாம், சரி, இருக்கட்டும்.

அங்கிருந்து புன்னைக்காயல் ஏழு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர் தார்ச்சாலையில் பலகையில் போனோம். பிறகு மணல். பேரிங் சிக்கிக்கொண்டது, பலகைகளைத் தோளில் போட்டோம். மிக்கேலின் ஊர் அங்கிருந்து கரையோடு இரண்டு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை இங்கே சொன்னால் இன்னும் சண்டைக்கு வருவார்கள்.

பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தால் மேடையே இல்லை. ஊர்த்தலைவரின் புதுப் படகு மூன்று முறை பங்குச் சாமியாரிடம் ஆசீர்வாத மந்திரிப்பு வாங்கி மூன்று முறையும் தரை தட்டியதை மிக்கேல் பாட்டாக்கியிருந்தார். அது காதுக்குப் போய், "இந்த மணல்ல நின்னு அவன் பாடக்கூடாது" என்று தலைவர் தடுத்துவிட்டார். மிக்கேல் ஒரு வள்ளத்தில் பேட்டரியையும் குழாய் ஒலிபெருக்கியையும் ஏற்றிக் கடலுக்குள் போய் நங்கூரம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை நாள், அந்தக் கரையில் யாரும் படகு இறக்க மாட்டார்கள். அதையும் மீறிவிட்டார்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். அன்றைக்குக் கச்சான், கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. சத்தம் முழுக்க அந்தப் பக்கமே போனது. எங்களுக்குக் கையும் வாயும் ஆடுவது மட்டும் தெரிந்தது.

"நாலு வருசம் எஞ்சினுக்குள்ள கெடந்தவனுக்குக் காத்து மறந்துபோச்சு" என்றாள் மீன்காரி ஒருத்தி.

"ஏலே சூச, நம்ம பாட்டு சிலோனுக்குல்லா போவுது" என்றான் தொம்மை என்னிடம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தலைவருக்கோ வேறு அரிப்பு. "தலைவரே, வாய் அசையிறதப் பாத்தா ஒம்ம பேரு மாதிரி இருக்கு" என்று சுற்றி நின்றவர்கள் கிண்டினார்கள்.

"என்னலே சொல்லுதான்?" என்று என்னைக் கேட்டார்.

"பக்கத்துல போனாத்தான் கேக்கும், அண்ணாச்சி."

"ஞாயித்துக்கிழமை எறங்கப்படாதுன்னு அபராதம் போடுதவனே நான்தாம்லே."

"வலை இல்லாமப் போனா அது தொழில் இல்லையே, அண்ணாச்சி."

அவர் கோயிலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு, "வலைய எறக்கி வைங்கலே" என்றார்.

எங்களையும் ஏற்றிக்கொண்டார். தலைவரே இறங்கியபின் ஊர் சும்மா இருக்குமா? பதினாலு படகுகள் மிக்கேலைச் சுற்றிக்கொண்டன. அவர் தலைவரை நேராகப் பார்த்தபடி தரை தட்டிய பாட்டை முதலிலிருந்து பாடினார். முடிந்ததும் எல்லாரும் தலைவர் முகத்தையே பார்த்தார்கள்.

"நேத்து நாலாவது தடவையும் தட்டிட்டுலே" என்றார் தலைவர். "அதையும் சேத்துக்கோ."

பதினாலு படகும் சிரிப்பில் ஆடின. அதன்பின் எங்கள் பாட்டு. அதில் தொம்மை பறந்தான், நான் விழுந்தேன். "முட்டி ரத்தம் பாக்கல, சக்கர மண்ணத் தட்டினான்" என்று என்னைப் பாடினார். அந்தச் சரிவில் விழுந்த நாளில் யாரும் பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் கப்பலேறினார். அடுத்த வருடம் ஒரு கப்பல்காரர் கையில் துணிப்பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே நிஜமான சக்கரங்கள், எட்டு. கடிதம் இல்லை, பொட்டலத்தை மூடியிருந்தது ஓர் ஊக்கு.

போகிறவர்களுக்கு: இப்போது தூத்துக்குடியிலிருந்து புன்னைக்காயலுக்குப் பேருந்து வசதி நன்றாகவே இருக்கிறது, நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போங்கள், மணல் சுடும். படகில் போக ஆசையென்றால் ஞாயிற்றுக்கிழமை கேட்காதீர்கள், வலை இல்லை என்ற சமாதானம் இரண்டாம் முறை செல்லாது.

தகவல் வந்த அன்று பரணிலிருந்து பலகையை எடுக்கும்போது ஏணியில் முழங்கால் சிராய்த்துவிட்டது. மகள் மருந்தோடு ஓடி வந்தாள். நான் சக்கரத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.