இடுப்புப் பையும் ஒரு விசிலும்

இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் என் இடுப்புப் பையைப் பார்த்துச் சிரித்தவர்கள். இந்தச் சாட்சி முதலில் உங்களுக்குத்தான். கர்த்தர் செய்ததைச் சொல்கிறேன், காது கொடுத்துக் கேளுங்கள்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் கையில் தூக்கியது எதுவும் மிஞ்சவில்லை. துணிமூட்டை போனது, வேதபுத்தகம் போனது. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை மட்டும் என்னோடு கரையேறியது. முகாமில் என் பக்கத்தில் கால் கிழிந்து கிடந்தவருக்குக் கட்ட ஒரு சுத்தமான துணி இல்லை. எனக்கு ஆண்டவர் மேலேயே ஆத்திரம். அழுதுகொண்டே அவரோடு சண்டை போட்டேன். அழுது முடித்தபோதுதான் உறைத்தது, உடம்போடு இருப்பதுதான் மிஞ்சும் என்று.

நிவாரணமாகக் கொடுத்த தார்ப்பாயில் ஒரு பை தைத்தேன். கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்திய வேட்டித் துணிச் சுருள்கள், தீப்பெட்டி, பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற உப்பு சர்க்கரைப் பொட்டலம், ஒரு விசில். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே வைத்து, இடுப்பில் கட்டிக்கொண்டே உப்பளத்துக்குப் போனேன்.

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரரின் தங்கை எஸ்தர். எனக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது.

"உப்பளத்துல வேலை செய்யிறவ உப்புப் பொட்டலம் கட்டிக்கினு வர்றா பாருங்க. விசில் வேற! அண்ணி என்ன டிராபிக் போலீஸா?"

அதோடு விட்டாளா? ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, "இடுப்புல பை இருந்தா மனசுல விசுவாசம் இல்லன்னு அர்த்தம்" என்றாள். நீங்கள் ஆமென் சொன்னீர்கள். எனக்கு மறக்கவில்லை.

அடுத்த சித்திரையில், பாத்தி ஓரத்துச் சேற்றில் எஸ்தர் கால் வைத்தாள். கடல் கொண்டுவந்து புதைத்த தகரம் உள்ளே இருந்தது. கெண்டைக்கால் பிளந்து ரத்தம் பீறிட்டது. எங்கள் உப்பளத்தில் காயம் என்றால் பாத்திச் சேற்றை அள்ளி அப்புவதுதான் வழக்கம். மேஸ்திரி கை நிறையச் சேற்றோடு ஓடி வந்தார்.

"சேத்த வெச்சீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்!" என்று கத்தினேன்.

பையை அவிழ்த்துப் பக்கத்தில் கொட்டி, முகாமில் நர்ஸ் காட்டியபடி துணிச் சுருளை வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். துணி நனைய நனைய மேலே மேலே வைத்தேன். எதிரே தூரத்தில் உப்பு ஏற்றிய லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. வரப்பு சுற்றி ஆள் ஓடினால் எட்டாது. கத்தினாலும், மேற்கேயிருந்து வந்த அனல்காற்று சத்தத்தை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

என் கை இரண்டும் காயத்தில். குனிந்து, கொட்டிக் கிடந்த விசிலைப் பல்லால் கடித்து எடுத்து, மயங்கிவிடக் கூடாதென்று எஸ்தர் வாயிலேயே வைத்தேன்.

"ஊதுடி!"

ஊதினாள். லாரி நகர்ந்தது. "ஆண்டவரே, இவளுக்கும் எனக்கும் ஆகாது, உமக்கே தெரியும். ஆனா இவள என் கையில சாகவிடாதீர். காத்தத் திருப்பும்!" என்று கதறினேன்.

முதுகில் சில்லென்று பட்டது. கடல் காற்று. மத்தியானம் தினமும் வருகிற காற்றுதானே என்பீர்கள். நானும் அந்த உப்பளத்திலேயே காய்ந்தவள். அன்றைக்கு அது முன்கூட்டியே வந்தது. எஸ்தர் மறுபடி ஊதினாள். லாரி நின்றது.

அந்த லாரியிலேயே மரக்காணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்; கட்டுப் போட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர், "சேறு வைக்காம அழுத்திப் பிடிச்சீங்களே, அதான் காப்பாத்துச்சு" என்றார். காலும் தப்பியது, உயிரும் தப்பியது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று, முகாமில் போட்ட சண்டைக்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது 2006. எஸ்தருக்கும் எனக்கும் இன்னும் ஆகாது. ஆனால் விசிலை அவள் திருப்பித் தரவில்லை. தாலிக்கயிற்றோடு சேர்த்து முடிந்து வைத்திருக்கிறாள். நானும் கேட்கவில்லை, வேறு வாங்கிக்கொண்டேன்.

ஆகையால் பிரியமானவர்களே, கர்த்தரை நம்புங்கள். காற்று அவர் கையில் இருக்கிறது. துணியையும் விசிலையும் அவர் நம் இடுப்புக்கு விட்டிருக்கிறார், கட்டிக்கொள்ளுங்கள். சிரிக்கிறவர்கள் இன்னும் சிரிக்கலாம். நீங்கள் விழுந்தாலும் கட்டுவதற்குத் துணி என்னிடம் இருக்கிறது.