மறைத்துப் போட்ட மாத்திரை

தோழிகளே, இன்று காலை தென்காசியில் டாக்டரிடம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

கப்பற்படையில் முக்குளிக்கும் வேலை பார்க்கிற என் தம்பி லீவில் வந்திருக்கிறான். முதுகில் காற்றுத் தொட்டியைக் கட்டி, தூத்துக்குடிக் கடலுக்கடியில் பவளப்பாறை காட்டுவதாகச் சொன்னான். டாக்டர் சம்மதித்தால் மட்டும்தான் என்றான்.

ஆஸ்துமா இழுப்புக்குப் பயந்து, குற்றாலத்தில் எல்லோருடைய துண்டையும் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்ற எனக்கு ஆசை விடவில்லை. இழுப்பு தெரியக் கூடாதென்று, கிளம்பும்போதே இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"படபடன்னு அடிக்குதே. இதயத்துல ஏதும் கோளாறு இருக்குமோ?"

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. மாத்திரை போட்டதைச் சொல்லிவிட்டேன்.

"யக்கா, எங்கிட்டயுமா மறைச்ச?"

"இங்கன மறைச்சிட்டீக," என்றார் டாக்டர். "கடலுக்கடியில இழுப்பு வந்தா யார்ட்ட மறைப்பீக டீச்சர்?"

மத்தியானம் வரை உட்காரவைத்து மறுபடி பார்த்தார். படபடப்பு அடங்கியிருந்தது. இழுப்புதான் கேட்டது.

"மாத்திரை பண்ணின வேலைதான். எதுக்கும் திருநெல்வேலியில ஒரு ஈசிஜி எடுத்திருங்க. இழுப்போட தொட்டி கட்டி ஆழத்துக்குப் போகக் கூடாது. ஈசிஜி நல்லா இருந்தா, இழுப்பு இல்லாத நாளாப் பாத்து, தம்பி கையப் பிடிச்சுக்கிட்டு, கண்ணாடி மாட்டி மேலாக மிதந்து பாருங்க."

மேலிருந்து பார்த்தாலும் அது பவளப்பாறைதானே.

டாக்டரிடம் நீங்கள் மறைத்ததையும் இதன் கீழே எழுதி, கடிதத்தை அடுத்தவளுக்கு அனுப்புங்கள். நான் மட்டும்தான் இப்படி என்று நம்பத் தயாராக இல்லை.