சீமை ரோஜாவை வென்ற மஞ்சள் கரிசலாங்கண்ணி

அப்பாவின் உயிரை நான்தான் காப்பாற்றினேன் என்று பத்து வயதில் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதற்காக இன்றும் எனக்குப் பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்பா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி வாத்தியார். அந்தச் சித்திரையில் அவருக்குக் காமாலை கண்டது. கண்ணும் நகமும் மஞ்சளாகி, கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் கிடந்தார். மூன்று வீடு தள்ளி இருந்தவர் அதே நோயில் போய்ச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா வந்து பார்த்து, தினமும் ஒரு குப்பி மருந்து வாங்கிப் போகச் சொன்னார். பச்சிலை எதுவும் கொடுக்கக் கூடாது என்று விரலை ஆட்டிவிட்டும் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, மஞ்ச கரிசலாங்கண்ணி பறிச்சிட்டு வா. மோருல அரைச்சுக் குடுத்தா ஒங்கப்பன் எந்திரிச்சிருவான். வெள்ளப் பூவக் கொண்டாந்து நிக்காத."

சொல்வது எளிது. அந்தச் செடி ஈரத்தில் படர்கிற ஜாதி. தண்ணீர் ஓடும் காலத்தில் வாய்க்கால் வரப்பெல்லாம் கம்மல் கம்மலாகப் பூத்துக் கிடக்கும். அப்போதோ பாளையங்கால்வாயை அடைத்துவிட்டார்கள். வரப்பு பாளம் பாளமாக வெடித்திருந்தது. இரண்டு நாள் வெயிலில் அலைந்தும் வெள்ளைப் பூகூடக் கண்ணில் படாமல் அழுதேன்.

மூன்றாம் நாள் மருந்துக்குப் போன இடத்தில் கண்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் டாக்டரம்மாவின் பங்களா. அதன் குளியலறைத் தண்ணீர் வழிகிற சுவரோரம் மஞ்சள் பூவாக நின்றது. எந்தப் பச்சிலை ஆகாது என்றாரோ, அதை அவர் குளித்த தண்ணீரே வளர்த்துவிட்டிருந்தது. கையில் குப்பி, பாவாடை மடியில் ஒரு பிடி இலை என்று தினமும் வீடு திரும்பினேன். அப்பாவுக்கு வெறும் வயிற்றில் அத்தையின் மோர், பிறகு டாக்டரம்மாவின் குப்பி.

ஐந்தாம் நாள் அகப்பட்டுக்கொண்டேன்.

"சிறுமியே, அங்கே நீ என்ன பறிக்கிறாய்?" என்றார் டாக்டரம்மா ஜன்னலிலிருந்து. அவருக்கு வேதப்புத்தகத் தமிழ்தான் வரும்.

"எங்க அப்பாவுக்கும்மா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

மடியைப் பார்த்தார். தோட்டக்காரரை அழைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். வேரோடு பிடுங்கத்தான் சொல்கிறார் என்று ஓட்டம் எடுத்தேன். அன்று முழுவதும் ஜெபம். மறுநாள் போனால் செடி அப்படியே இருந்தது.

"தாயி, வேர விட்டுட்டுப் பைய கிள்ளு" என்றார் தோட்டக்காரர், வேறெங்கோ பார்த்தபடி. ஜெபம் கேட்கப்பட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

நான்காம் ஞாயிறு அப்பா வேதக்கோயிலுக்கு நடந்தே வந்தார். கீர்த்தனையில் குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசிச் சரணம்வரை விடவில்லை. அத்தை டாக்டரம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டரம்மாவும் பெருமையாகத் தலையசைத்தார். இரண்டு பேருக்கும் தாமே ஜெயித்ததாக எண்ணம். ஜெயித்தவள் நான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தக் கோடையில் பங்களாக் கிணறு அடிமட்டத்துக்குப் போய், குளியலறைத் தண்ணீரும் வழிவது நின்றது. டாக்டரம்மா சீமையிலிருந்து வரவழைத்த ரோஜாக்கள் ஒன்றுவிடாமல் கருகின. என் கரிசலாங்கண்ணி மட்டும் பூத்தது. நம்மூர்ப் பூவின் உறுதி சீமைப் பூவுக்கு வருமா என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். தோட்டக்காரர் காலையிலும் மாலையிலும் அந்த ரோஜாக்களைத் தாண்டி, ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் கொண்டுபோய் ஊற்றுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வாளியைக் கழுவுகிறார் என்றுதான் நினைத்தேன்.