தமிழ் டீச்சர் வேண்டாம் என்று எழுதினேன்

நாங்கள் லண்டனில், மனோர் பார்க்கில் இருக்கிறோம். என் மகளுக்கு ஏழு வயது. பேச்சு இன்னும் வரவில்லை. அவளுடைய பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் வகுப்புக்கு தமிழரான ஒரு டீச்சர் வந்தபோது எனக்குப் பயம்தான் வந்தது. அவரும் நாங்கள் போகும் கோயிலுக்கே வருபவர். மகளின் நிலையை அங்கே யாருக்கும் நான் சொன்னதில்லை. இவர் வழியாக எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று, 'இவருடைய ஆங்கிலம் பிள்ளைக்கு விளங்கவில்லை, வேறு ஆளைப் போடுங்கள்' என்று தலைமை ஆசிரியருக்குப் பொய்யாக எழுதினேன்.

ஏற்கெனவே இரண்டு வெள்ளைக்காரப் பெற்றோரும் அப்படி எழுதியிருந்தார்களாம். பள்ளியில் ஒருவரும் அவருக்காகப் பேசவில்லை. பள்ளித் தவணை முடிவில் அவர் வேலையை விட்டார்.

கடைசி நாள் வாசலில் என்னைக் கண்டு நின்றார்.

"அக்கா, பிள்ளை இப்ப தண்ணி வேணுமெண்டால் கப்பைத் தொட்டுக் காட்டுறா. வீட்டிலயும் பழக்குங்கோ. கோயில்ல நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை."

அதன்பின் நான்கு தற்காலிக ஆசிரியர்கள் வந்து போய்விட்டார்கள். மகள் கப்பைத் தொடுவதையும் விட்டுவிட்டாள். இப்போது யார் புதிதாக வந்தாலும், அவரைப் பாராட்டி முதல் வாரமே தலைமை ஆசிரியருக்கு எழுதுகிறேன். பதில் வருவதற்குள் அவரும் போய்விடுகிறார்.