வண்ணார்பேட்டையில் அம்மை தந்த ஒரு சொல்

நம் காந்திமதி அம்மையின் ஞாயிறு மாலை வழிபாட்டுக்கு வருகிற எல்லோருக்கும் என்னைத் தெரியும். கடைசி வரிசையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருவேனே, அந்தக் கோமதிதான். வயது இருபத்தைந்து. எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. பயம் வந்தால் என் வாய் கட்டிப்போகும். உள்ளே சொல் இருக்கும், வெளியே வராது. அதனால் இதை எழுதி வைத்துத்தான் வாசிக்கிறேன். நடுவில் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அறையில், ஞாயிறு காலை பத்து மணிக்கு என்னைப் போன்ற எட்டுப் பேர் கூடுகிறோம். பேசப் பழகுவோம். கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது, வந்தவரிடம் எப்படி விசாரிப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம். டாக்டரும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. முன்னால் கொஞ்சம் பழகியவர் அடுத்தவருக்குத் துணை. அப்படி நான் துணையாக நின்றது சிவகாமிக்கு. வயது இருபத்திரண்டு. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்று. பேசினால் பதில் பேசு. சிரித்தால் சிரி. கூப்பிட்டால் மறுக்காமல் போ. எனக்கும் சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொன்னது அதுதான். நல்ல பிள்ளை என்றால் அதுதான் என்று நம்பியிருந்தேன். புத்தி கெட்டவள் நான்.

போன புரட்டாசித் தொடக்கத்தில் சிவகாமி சந்தோஷமாக வந்தாள். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் தினமும் பேசுகிறாராம். சாப்பிட்டாயா என்று கேட்கிறாராம். இவளும் பதில் சொல்லி, திருப்பி விசாரித்தாளாம். நான் கை தட்டினேன். அவள் நோட்டில் நட்சத்திரம் ஒட்டினேன்.

அடுத்த வாரம் அவருக்கு இவள் போன் நம்பர் தெரிந்திருந்தது. அதற்கடுத்த வாரம் அவள் அம்மாவுக்கு எந்தெந்த நாள் நைட் டியூட்டி என்பதும் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் நட்சத்திரம் ஒட்டினேன்.

"அவரு பேரு என்னட்டி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியாதுக்கா. நண்பர்னு கூப்பிட்டாப் போதும்னு சொல்லுதாவ."

அப்போதே என் வயிறு என்னவோ செய்தது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனால் என் வயிற்றை நான் நம்பவில்லை. உனக்கு மனுஷரைப் புரியாது, நீ எல்லாவற்றையும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வாய் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். இதுவும் தப்பாகத்தான் இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போல வருகிறது.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மழை பிடித்துக்கொண்டிருந்தது. மணி பத்தாகியும் சிவகாமியைக் காணோம். ஒரு நிமிஷம்கூடப் பிந்தாதவள். பத்து ஐந்துக்கு என் போனுக்குச் செய்தி வந்தது. அதை இப்போதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"கோமதிக்கா, இன்று வர இயலாது. மன்னிக்கவும். நண்பர் காரில் பாபநாசம் அழைத்திருக்கிறார். பத்தரை மணிக்கு வண்ணார்பேட்டையில் ஏறுகிறேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை."

அவளைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தெருவில் ஓடி ஒரு ஆட்டோவை மறித்தேன். வாய் கட்டிவிட்டது. 'வண்ணார்பேட்டை, சீக்கிரம்' என்று போனில் எழுதிக் காட்டினேன். ஆட்டோக்கார அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

பாலத்துக்குக் கிட்டே வந்தபோது ஆறு செக்கச் செவேலென்று கரை முட்டி ஓடிக்கொண்டிருந்தது. இந்த மழையில், இந்தத் தண்ணீரில், பாபநாசம் அருவியில் இவளுக்கு என்ன வேலை? அவனுக்கு என்ன வேலை?

ஸ்டாப்புக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைக் கார். பின் சீட்டில் சிவகாமி, மடியில் பையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவன் கதவைச் சாத்தப் போனான். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை. நெற்றியில், உங்களில் யாரையும் போல, பட்டை பட்டையாகத் திருநீறு.

நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவன் கோபப்படவில்லை. சிரித்தான்.

"யாரு தாயி நீ?"

சிவகாமிதான் பதில் சொன்னாள். "இவிய கோமதிக்கா. எனக்குப் பேசச் சொல்லித் தாறவிய."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. "கூப்பிட்டா மறுக்காமப் போணும்னு நீங்கதானக்கா சொன்னீய? பாதியில எறங்குனா மரியாதையாவா இருக்கும்?"

"இதுவும் சொகமில்லாத பிள்ள போல. பையப் பைய கைய எடு தாயி," என்று அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மெதுவாக, வலிக்காமல் பிரித்தான். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். பார்க்கிறவர்களுக்கு, ஒரு பெரிய மனுஷர் புத்தி சரியில்லாத பெண்ணிடம் பொறுமையாக நடந்துகொள்கிறார் என்றுதான் தெரிந்திருக்கும்.

இரண்டு விரல் மிச்சம் இருந்தது. அப்போதுதான் அம்மையைக் கூப்பிட்டேன். தாயே காந்திமதி, எனக்கு ஒரே ஒரு சொல் கொடு. அதன்பிறகு ஆயுசுக்கும் ஊமையாக இருந்தாலும் கேட்க மாட்டேன்.

"மாட்டா!"

அது என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. "மாட்டா! அவ வர மாட்டா!" பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூக்காரி எழுந்து நின்றாள். ஆட்டோக்கார அண்ணாச்சி இறங்கி வந்தார்.

"யாரு வே நீரு? இந்தப் பிள்ளைக்கு நீரு என்ன வேணும்?"

"எனக்கு மக மாதிரி வே."

"மாதிரி கீதிரியெல்லாம் இருக்கட்டும். உம்ம பேரச் சொல்லும்."

அவன் என் விரல்களை விட்டுவிட்டு முன் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

சிவகாமி என்னைப் பார்த்தாள். "அக்கா, மாட்டேன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்ட்டி. எப்பவும் சொல்லலாம். ஆருட்டயும் சொல்லலாம்."

அவள் அவன் பக்கம் திரும்பி, நான் பழக்கியபடியே அவன் முகத்தைப் பார்த்து, "நான் வரமாட்டேன். நன்றி," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கார் போய்விட்டது. நான் அந்த மழைத் தண்ணீரிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். சிவகாமியின் அம்மா மூன்று தடவை அலைந்தாள். வண்டி நம்பரைப் பார்க்க அன்று ஒருவருக்கும் புத்தி வரவில்லை. அவன் போன் நம்பர் யாரோ செத்துப்போனவர் பேரில் இருந்ததாம். அவன் இதுவரை அகப்படவில்லை. வேறு ஏதோ ஒரு ஸ்டாப்பில், வேறு ஏதோ ஒரு பிள்ளையிடம், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருப்பான். திருநீறும் பூசியிருப்பான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

எங்கள் வகுப்பில் இப்போது முதல் பாடமே மாட்டேன் என்று சொல்வதுதான். எட்டுப் பேரும் நின்று உரக்கச் சொல்லிப் பழகுகிறோம். அதற்குத்தான் இப்போது நட்சத்திரம். என் வயிறு ஒன்று சொன்னால் அதையும் நான் கேட்கிறேன். அம்மை அதன் வழியாகவும் பேசியிருக்கிறாள். நான்தான் காது கொடுக்காமல் இருந்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது வாய் அடைத்துப்போகிற நேரம் வந்தால், பெரிதாக ஒன்றும் வேண்ட வேண்டாம். ஒரே ஒரு சொல் கேளுங்கள். தருவாள். எனக்கே தந்தாளே!

இன்றைக்கு என் பக்கத்தில் நின்று இதைச் சொல்ல வா என்று சிவகாமியையும் கூப்பிட்டேன்.

"மாட்டேன் கோமதிக்கா. நன்றி," என்றாள்.

அதனால்தான் தனியாக நிற்கிறேன். அம்மைக்குக் கோடி நமஸ்காரம்.